கேட்டுவிட்டுக் காத்திருந்த டீச்சர்

என்னைப் பேசாதவள் என்று சொல்கிறவர்கள் யாரும் என் மண்டைக்குள் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. உள்ளே ஓயாத சந்தை. யாராவது வந்து "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்டால் போதும், பதில்கள் முண்டியடித்துக்கொண்டு வரும். இவரிடம் எதைச் சொன்னால் பொருந்தும், எதைச் சொன்னால் பொய்யாகிவிடும் என்று நான் பிரித்தெடுப்பதற்குள் கேட்டவர் தெருமுனை தாண்டியிருப்பார். போகிற போக்கில் "பாவம், ஊமைக்கோட்டான்" என்று ஒரு பட்டமும் கொடுத்துவிட்டுப் போவார். பாவமாம். எனக்கு அப்படி ஒரு கோபம் வரும். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஆளே இருக்க மாட்டார்.

இப்படிப்பட்டவள் பிறக்கவே கூடாத வீடு ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துப் பிறந்திருக்கிறேன். அப்பா காய்கறி மொத்த மார்க்கெட்டில் ஏலம் விடுபவர். வீட்டில் சோப்பு எங்கே என்று கேட்பதைக்கூட ஏலக் குரலில்தான் கேட்பார். அம்மா பஸ் கண்டக்டர். பிதுங்கி வழிகிற கூட்டத்தைத் தாண்டி, கடைசி சீட்டில் தூங்குகிற ஆளை உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுப்பிவிடும் குரல். அக்கா பேச்சுப் போட்டிக்குப் போனால் கோப்பை இல்லாமல் திரும்பியதில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே 'மைக்'. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அதிசயம் என்னவென்றால் ஒருவர் சொன்னது மற்ற இருவருக்கும் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கும்.

என்னிடம் ஒரு கேள்வி வந்தால் அது எனக்கு வந்து சேராது. "தோசைக் கரண்டியை எங்கடி வச்ச?" என்று அம்மா கேட்பாள். "அவ எங்க வைப்பா, நீதான் அலமாரி மேல வச்சிருப்ப" என்று அப்பா பதில் சொல்வார். "அவளுக்குப் பச்சை கலர்தான் பிடிக்கும்" என்று கடைக்காரரிடம் அக்கா சொல்வாள். எனக்குப் பச்சை பிடிக்கும் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை. பிள்ளை தடுமாறுகிறதே என்று கைத்தாங்கலாகப் பிடிப்பதுபோல எனக்காகப் பேசினார்கள். அன்புதான். ஆனால் தாங்க முடியாத அன்பு.

வீடு இப்படி என்றால் பள்ளிக்கூடம் இன்னும் மோசம். எங்கள் தலைமையாசிரியருக்கு வகுப்பு என்றால் கலகல என்று இருக்க வேண்டும். வராந்தாவில் நடந்து போகும்போது ஏதாவது ஒரு வகுப்பு அமைதியாக இருந்தால் எட்டிப் பார்த்து, "என்ன, எல்லாரும் தூங்குறீங்களா? கலகலன்னு இருங்கப்பா" என்பார். அதனால் அவருக்குக் 'கலகலா' என்றே பெயர் வைத்திருந்தோம். இதில் நான் 'வைத்தோம்' என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகப்படி. மற்றவர்கள் வைத்தார்கள், நான் மனசுக்குள் கைதட்டினேன்.

கலகலா கொண்டுவந்த திட்டம்தான் ஓரல் மார்க். வகுப்பில் வாயைத் திறந்து பங்கெடுத்துக்கொள்வதற்குத் தனி மதிப்பெண். பத்தாம் வகுப்பில் அதில் பாதியாவது வாங்காதவர்களுக்கு அடுத்த வருடம் சயின்ஸ் குரூப் கிடையாது. எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தாலும் கிடையாது. எனக்கோ சயின்ஸ் குரூப்பைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். உடைந்த பைனாகுலரிலிருந்து கழற்றிய ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு, சுவரில் ஜன்னலைத் தலைகீழாக விழவைத்துப் பார்ப்பதுதான் என் முழுநேரத் தொழில். ஒளி ஏன் வளைகிறது என்று தெரிந்துகொள்ளாமல் செத்துப்போய்விடுவேனோ என்று அந்த வயசில் உண்மையாகவே பயந்திருக்கிறேன். ஆனால் முந்தைய வருட வாத்தியார் என் ஓரல் மார்க் கட்டத்தில் பெரிய முட்டையாகப் போட்டு, பக்கத்தில் 'மௌன விரதம்' என்று நகைச்சுவை வேறு எழுதியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சராக ஒருவர் வந்து சேர்ந்தார். ஒல்லியாக, பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு, நடந்து வந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. முதல் நாள் ஒரு கேள்வி கேட்டார். கேட்ட மறு நொடி முதல் பெஞ்சுப் பையன் கை தூக்கினான். அவனுக்கு 'முந்திரிக்கொட்டை' என்று பெயர். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவான், பல நேரம் அது வேறு கேள்விக்கான பதிலாக இருக்கும்.

டீச்சர் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தார். "கையை இறக்குப்பா. நான் இன்னும் காத்திருக்கவே ஆரம்பிக்கல."

சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தார். அந்தக் கைகள் மேஜையை விட்டு எழும்வரை யாரும் பேசக் கூடாது, கை தூக்கக் கூடாது. யோசிக்கலாம். அவ்வளவுதான் சட்டம். வகுப்புக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொட்டாவி வந்தது. பிறகு பெஞ்சுகள் கிரீச்சிட்டன. டீச்சர் அசையவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்ட வண்டிபோல வகுப்பே நின்றுவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அவருக்குச் 'சிக்னல் டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

எனக்கோ அது மூச்சுவிடக் கிடைத்த இடம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. அதைத் திருப்பிப் பார்த்தேன், உரசிப் பார்த்தேன், உள்ளே இருந்த சந்தை மெதுவாகக் கலைந்து ஒரே ஒரு பதில் மட்டும் நின்றது. கைகள் எழுந்த பிறகும் அவர் கை தூக்கியவர்களைக் கூப்பிடவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தார். வரைந்து காட்டியவன் வரைந்து காட்டினான். பக்கத்துப் பெண்ணின் காதில் சொன்னவள் காதில் சொன்னாள். நான் என் லென்ஸைக் காகிதத்தின்மேல் பிடித்து, வெளிச்சம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று விரலால் காட்டினேன். டீச்சர் குனிந்து பார்த்தார். லேசாகத் தலையாட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். "பரவாயில்லையே, உனக்குக்கூடத் தெரிஞ்சிருக்கே" என்று சொல்லவில்லை. எல்லாரும் திரும்பிப் பாருங்கள் என்று என்னைக் காட்சிப்பொருள் ஆக்கவில்லை. அந்தத் தலையாட்டலுக்காக நான் மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கூடம் போய் நின்றேன்.

வருடம் ஓடியது. ஓரல் மார்க் பட்டியல் கலகலாவின் மேஜைக்குப் போன மறுநாளே எனக்கும் டீச்சருக்கும் அவர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

"டீச்சர், எல்லாருக்கும் போட்டிருக்கீங்க, சரி. இந்தப் பொண்ணுக்கு முந்திரி... அந்த முதல் பெஞ்சுப் பையனைவிட அதிகமா போட்டிருக்கீங்களே?" என்றார் கலகலா. பட்டப்பெயர் அவர் வரைக்கும் போயிருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

"வகுப்புல நல்லா பங்கெடுத்துக்குறா சார்."

"இவ அக்கா இந்த ஸ்கூலையே தூக்கி நிறுத்துனவ. மேடை ஏறினா இடி முழக்கம். இவ அவளோட தங்கச்சியான்னு எனக்கே சந்தேகம்." என் பக்கம் திரும்பினார். "எங்கே, ஏதாவது பேசும்மா பாப்போம். எதை வேணாலும் பேசு."

எதை வேண்டுமானாலும் பேசு என்பதைவிடக் கொடுமையான கட்டளை உலகத்தில் உண்டா? எதையாவது என்றால் எதை? உள்ளே சந்தை கூடிவிட்டது. நான் அவருடைய பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாத்தீங்களா?" என்றார் கலகலா. மனிதர் கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. "நாளைக்கு வெளிய போய் இவ எப்படிப் பொழைப்பா? நான் கண்டிப்பா இருக்கிறது இவ நல்லதுக்குத்தான்."

"இவ யோசிக்கிறா சார். அதுக்கு இடம் கொடுத்தா போதும்."

"சரி. இந்த வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து பாக்குற வகுப்பு இருக்குல்ல? நானும் பின்னாடி உக்காந்து பாக்குறேன். இவ பங்கெடுத்துக்கிட்டான்னு என் கண்ணுக்குப் பட்டா உங்க மார்க் நிக்கும். இல்லைன்னா நான் திருத்திடுவேன். அப்புறம் சயின்ஸ் குரூப் பத்தி யாரும் என்கிட்ட வரக் கூடாது."

வெளியே வந்ததும் டீச்சர் எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமையும் எப்பவும் போலத்தான் வகுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் விஷயம் வீட்டுக்குப் போய்விட்டது. வீடு போர்க்களமானது. அப்பா, குரல் தொண்டையிலிருந்து வரக் கூடாது, அடிவயிற்றிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி, தக்காளி விலையைக் கூவிக் காட்டினார். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அக்கா, எந்தக் கேள்வி வந்தாலும் "இதற்கு இரண்டு கோணங்கள் உண்டு" என்று ஆரம்பித்துவிடு, மீதி தானாக வரும் என்றாள். அவளுக்கு வரும். அம்மா என்னை எதிரே உட்கார வைத்தாள்.

"நான்தான் டீச்சர். கேள்வி கேக்குறேன், டக்குனு பதில் சொல்லணும். தண்ணி எத்தனை டிகிரில கொதிக்கும்? நூறு. சொல்லு, நூறு. சரி, அடுத்தது. பூமி எதைச் சுத்துது? சூரியனை. இது தெரியாதா உனக்கு? தெரியும்ல? அப்புறம் ஏன்டி சொல்ல மாட்டேங்குற?"

நான் எங்கே சொல்வது? கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு எறும்பு நுழைய இடம் விட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா என் கன்னத்தைத் தடவி, "பயப்படாதடி. நான் வந்து பின்னாடியே உக்காந்திருப்பேன்" என்றாள். அதுதான் என் பயமே.

வெள்ளிக்கிழமை அம்மா காலை ஷிப்டை முடித்துவிட்டு யூனிபார்மோடு நேராக வந்துவிட்டாள். தோளில் டிக்கெட் பை, கழுத்தில் விசில். பெற்றோர் நிறையப் பேர். நாற்காலி கிடைக்காதவர்கள் பின்சுவரோரம் நின்றார்கள். கலகலா அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் எப்போதும்போலச் சத்தமில்லாமல் வந்தார். எப்போதும்போலக் கேள்வி கேட்டார்.

"சுவத்துல சின்னதா ஒரு கண்ணாடி மாட்டியிருக்கு. நேரா மாட்டியிருக்கு, சாயல. அதுல பாத்தா உங்க சட்டையோட ரெண்டாவது பட்டன் வரைக்கும்தான் தெரியுது. மூணாவது பட்டனும் தெரியணும். என்ன செய்வீங்க? பின்னாடி போவீங்களா, முன்னாடி வருவீங்களா?"

கைகள் மேஜைமேல் விரிந்தன. வகுப்பு அமைதியானது. எங்களுக்குப் பழகிவிட்டது. பெற்றோருக்குப் பழக்கமில்லை. முதலில் ஒரு செருமல். அப்புறம் ஒரு நாற்காலி நகர்ந்தது. டீச்சருக்கு அடுத்த வரி மறந்துவிட்டதோ என்று ஒரு அப்பா பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார். கலகலா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்குப் பதில் தெரியும். எங்கள் வீட்டுக் கண்ணாடி சின்னது. பாவாடையின் ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் போய்ப் போய் எதிர்ச் சுவரில் முதுகை இடித்துக்கொண்டவள் நான். இதைக் காட்ட வேண்டும், எப்படிக் காட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் பின்னந்தலையில் அம்மாவின் பார்வை சூடாக விழுவது தெரிந்தது. அம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டது. பொறுத்துப் பார்த்தாள், பாவம். நாள் முழுக்கச் சத்தத்திலேயே வாழ்கிறவளுக்கு அந்த அமைதி, பஸ் நடுரோட்டில் நின்றுபோனதுபோல இருந்திருக்க வேண்டும். பிள்ளையின் சயின்ஸ் குரூப் கண்ணெதிரே கைநழுவிப் போகிறது. அவளால் முடியவில்லை.

"பின்னாடி போகணும்னு சொல்லுடி" என்று கிசுகிசுத்தாள்.

கண்டக்டர் கிசுகிசுத்தால் எப்படி இருக்கும்? வராந்தா வரை கேட்டது. அதிலும் அந்தப் "பின்னாடி போக" என்ற இடம் இருக்கிறதே, அது அவள் தினமும் ஆயிரம் தடவை சொல்கிற சொல். பழக்க தோஷத்தில் தொழில் குரலிலேயே வந்துவிட்டது. பின்சுவரோரம் நின்ற பெற்றோர் சிலர் நிஜமாகவே பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டார்கள்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கலகலாவே சிரித்துவிட்டார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணில் தெரிந்த திகிலைப் பார்த்ததும் என் வெட்கம் போய்விட்டது. பிள்ளையைக் கெடுத்துவிட்டோமே என்று பதறிப்போயிருந்தாள்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்து கையும் எடுக்கவில்லை. "நல்ல பதில்மா. கேட்டா முக்கால்வாசிப் பேரு இதைத்தான் சொல்லுவாங்க. அதையும் சேத்து யோசிங்க எல்லாரும்" என்றார். அம்மாவின் தவறு ஒரே நொடியில் பாடத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. அம்மா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

கைகள் எழுந்ததும் முந்திரிக்கொட்டை எழுந்து நின்று அழகாகப் பேசினான். தூரம் போகப் போக எல்லாம் சின்னதாகத் தெரியும், சின்னதானால் கண்ணாடிக்குள் நிறைய அடங்கும், எனவே பின்னால் போக வேண்டும். கேட்க ரொம்ப நன்றாக இருந்தது. கலகலா "சபாஷ்" என்றார். பெற்றோர் தலையாட்டினார்கள். டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தார். என் பெஞ்சருகே வந்ததும் நான் எழுந்தேன். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

நான் நேராகப் பின்னால் போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். "என்னடி, எங்கடி?" என்றாள். பதில் சொல்லாமல் வெளியே கூட்டிப்போனேன். வராந்தாவின் கடைசியில், கைகழுவும் குழாய்க்கு மேல் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. ஆணியில் தொங்குவது. அதன் முன்னால் அம்மாவை நிறுத்தினேன். வகுப்பே எங்கள் பின்னால் வந்துவிட்டது. பெற்றோரும் வந்தார்கள். கலகலாவும் வந்தார்.

அம்மாவின் காக்கிச் சட்டையில் கண்ணாடிக்குள் தெரிந்த கடைசிப் பட்டனைத் தொட்டுக் காட்டினேன். பிறகு தோளைப் பிடித்து மெதுவாகப் பின்னால் நடத்தினேன்.

அம்மாவுக்குத்தான் சும்மா இருக்க வராதே. நேர்முக வர்ணனை ஆரம்பமாகிவிட்டது. "இந்தா, போறேன். இன்னும் கொஞ்சம் போறேன். மூஞ்சி சின்னதாகுது. ஆனா அதே பட்டன்தான் தெரியுது. இரு, இன்னும் போவோம். ரைட், வரட்டும், வரட்டும்." பக்கத்து வகுப்புகளின் வாசலில் தலைகள் முளைத்தன. ஒரு கண்டக்டர் விசிலும் பையுமாகப் பின்பக்கமாகவே நடந்து வருவதை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள். அடுத்த பட்டன் இதோ வந்துவிடும், அதோ வந்துவிடும் என்று அம்மா வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டாள். வரவில்லை.

"என்னடி இது, ஏமாத்து வேலையா இருக்கு" என்றாள். நான் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தேன், மூக்கு கண்ணாடியில் இடிக்கிற வரைக்கும். அதே பட்டன். கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். முந்திரிக்கொட்டை தன் சட்டைப் பட்டன்களைக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

அம்மாவை ஓரடி தள்ளி நிறுத்திவிட்டுக் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றினேன். சுவரோடு ஒட்டிப் பிடித்தபடி மெதுவாகக் கீழே இறக்கினேன். அடுத்த பட்டன் வந்தது. அதற்கடுத்தது வந்தது. பெல்ட் வந்தது, டிக்கெட் பை வந்தது.

"அட, ஆமா" என்றாள் அம்மா. "நம்ம நகர்ந்து பிரயோஜனம் இல்ல. கண்ணாடியைத்தான் இறக்கணும்."

கலகலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிப் பழைய ஆணியில் மாட்டினார். அவரே ஒரு தடவை பின்னால் போனார், முன்னால் வந்தார். டையைத் தடவிக்கொண்டார். "விஷயம் சரிதான்" என்றார் கொஞ்சம் தயங்கி. "ஆனா டீச்சர், நான் சொன்னது பங்கெடுத்துக்கிறதைப் பத்தி. இந்தப் பொண்ணு இப்பவும் ஒரு வார்த்தை பேசலையே."

அவ்வளவுதான், சயின்ஸ் குரூப் போய்விட்டது என்று நினைத்தேன்.

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். "நீங்க முதல்ல பின்னாடி போகணும்னு சொன்னீங்க. இப்ப கண்ணாடியை இறக்கணும்னு சொல்றீங்க. எப்படிம்மா மாத்துனீங்க?"

"இவ சொன்னாளே" என்றாள் அம்மா.

"யாரு?" என்றார் கலகலா.

"என் பொண்ணுதான் சார். இப்பதானே சொன்னா? பின்னாடி போனாலும் முன்னாடி வந்தாலும் ஒண்ணுதான், கண்ணாடியை இறக்குன்னு. நீங்க இங்கதானே நின்னீங்க, கேக்கலையா?"

"அவ வாயே திறக்கலம்மா."

அம்மா சண்டைக்குத் தயாரானாள். எனக்கு அந்த நிற்கிற தோரணை தெரியும். சில்லறை கொடுத்துவிட்டேன் என்று சாதிக்கிற பயணியிடம் அப்படித்தான் நிற்பாள். "எப்படி சார் திறக்கல? எனக்குச் சொன்னா. நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று சுற்றி நின்றவர்களைச் சாட்சிக்குப் பார்த்தாள். முந்திரிக்கொட்டைதான் மெதுவாகச் சொன்னான். "இல்ல ஆன்ட்டி. அவ எதுவும் பேசல. நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் திறந்திருந்தது. ஆனால் அதிலிருந்து எதுவும் வரவில்லை. நான் பிறந்ததிலிருந்து கேட்டறியாத ஒரு அமைதி என் அம்மாவிடமிருந்து வந்தது. நடந்ததை அவள் மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. என் கை அவள் தோளில் இருந்ததை, பட்டனைத் தொட்டதை, இழுத்துக்கொண்டு போனதை. அதில் என் குரலைத் தேடுகிறாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. டீச்சர் காத்திருந்தார், அதனால் மற்றவர்களும் காத்திருந்தார்கள். கலகலாகூடக் காத்திருந்தார்.

"வார்த்தை எதுவும் ஞாபகம் வரல சார்" என்றாள் அம்மா கடைசியில். அவள் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. "ஆனா எனக்குச் சொன்னது இவதான். சத்தியமா இவதான் சொன்னா. எனக்குக் கேட்டுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷம் இவ எத்தனை சொல்லியிருப்பாளோ, எனக்கு ஏன் கேக்கலைன்னுதான் தெரியல."

கலகலா கோணலாகத் தொங்கிய கண்ணாடியை நேராக்கினார். பிறகு, "டீச்சர், நீங்க போட்ட மார்க் அப்படியே இருக்கட்டும்" என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அந்த மனிதர் கலகலப்பில்லாமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். அதற்காக அவருக்கும் என் நன்றி உண்டு.

நான் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்தேன். இன்று ஒரு கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கிறேன். என் எதிரே உட்காருகிறவர்களிடம் "இந்த லென்ஸ்ல நல்லா தெரியுதா, அந்த லென்ஸ்லயா?" என்று கேட்பதுதான் என் வேலை. சிலர் உடனே சொல்வார்கள். சிலர் தடுமாறுவார்கள், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்படுவார்கள். அவர்களுக்கு நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடுப்பேன். வெளியே வரிசை நீளமாக இருக்கிறது என்று நர்ஸ் வந்து முறைப்பார். முறைக்கட்டும்.

டீச்சரிடம் நன்றி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை அவர் முன்னால் போய் நின்றிருக்கிறேன், உள்ளே நன்றிகள் முண்டியடிக்கும், எது சரியானது என்று பிரித்தெடுப்பதற்குள் மணி அடித்துவிடும். அவர் புரிந்துகொண்டார் என்றுதான் நம்புகிறேன். இருந்தாலும் எழுதியாவது வைத்துவிட வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்தேன். அவர் எங்களுக்குப் பாடம் நடத்திய காலத்தில் என்னிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார். ஒளியைப் பற்றி, ஒலியைப் பற்றி, மிதப்பதைப் பற்றி, மூழ்குவதைப் பற்றி. என்னைத் தெரிந்த எல்லாரும், பெற்றவர்கள், சொந்தக்காரர்கள், வாத்தியார்கள், வீட்டுக்குக் குழாய் சரிசெய்ய வந்தவர்வரை, என்னிடம் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "நீ ஏன் பேச மாட்டேங்குற?" அவர் ஒருவர்தான் அதைக் கேட்கவே இல்லை.